வாய் மரத்துப்போன மட்டக்குதிரையா?

கேள்வி: எங்களிடம் 17 வயது மட்டக்குதிரை ஒன்று வந்திருக்கிறது. பல வருடம் சிறுவர்களைச் சுமந்தது. சாதுதான், ஆனால் ஓட ஆரம்பித்தால் தலையைத் தூக்கிக்கொண்டு போகும். லகானை எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. இப்போது போட்டிருக்கும் பிட் (லகானை மாட்ட வாய்க்குள் வைக்கும் கம்பி) நடுவில் ஒரே மூட்டு உள்ள 5 அங்குல ஸ்னாஃபிள், நெம்புகோல் இல்லாத சாதா வகை. "வாய் மரத்துப்போச்சு, இதைவிடக் கடுமையான பெல்ஹம் பிட் போடுங்க" என்கிறார்கள். புதிதாகப் பழக்க எந்த பிட் நல்லது, ஐயா? – ஒரு வாசகி

பதில்: பெல்ஹம் வேண்டாம், அம்மா. எதையும் வாங்குவதற்கு முன்னால் பல்லைக் காட்டுங்கள்.

குதிரையின் பல் வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். அரைத்து அரைத்துத் தேயும்போது மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும், கீழ்ப் பற்களின் உள் ஓரமும் கூராகிவிடும். லகானை இழுத்தால் கன்னத்துச் சதை அந்தக் கூரில் போய் அழுந்தும். வலித்தால் தலையைத் தூக்காமல் பாவம் அது என்ன செய்யும்? புல்லை மென்றுவிட்டு உருண்டையாகக் கீழே போட்டால் தாமதிக்கவே வேண்டாம். குதிரைப் பல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரையே கூப்பிடுங்கள். சேணம் முதுகில் குத்துகிறதா, மூட்டு வலி இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். இந்த வயதில் அதெல்லாம் சகஜம்.

சரி, இனி பிட். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடம் இருக்கிறதே, பிட் கிடப்பது அங்கேதான். மெல்லிய ஈறு, உடனே எலும்பு. உதட்டோரத்தை மெதுவாக விலக்கிப் பாருங்கள், அந்த இடைவெளியில் நாக்கு பிதுங்கிக்கொண்டு நிற்கும். சின்ன வாய், பெரிய நாக்கு. இதற்குள் பருமனான பிட்டைத் திணித்துவிட்டு 'இது மென்மையானது' என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 14 மில்லிமீட்டர் பருமன் போதும்.

5 அங்குலம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. பிட் வாயில் நேராக இருக்கும்போது இரண்டு பக்கமும் உதட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் இருந்தால் அளவு சரி. அதற்கு மேல் போனால் பிட் இடமும் வலமும் வழுக்கும், நடு மூட்டு தொங்கும். இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தால் மடங்கி நாக்கை நெரிக்கும்.

நான் தேர்ந்தெடுப்பது இரண்டு மூட்டு உள்ள ஸ்னாஃபிள். நடுவில் அவரைக்கொட்டை வடிவில் வழவழப்பான துண்டு இருக்க வேண்டும். தட்டையான தகடு உள்ள டாக்டர் பிரிஸ்டல் என்ற பிட்டும் தூரத்துப் பார்வைக்கு இதே மாதிரிதான் தெரியும். அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும், ஏமாந்துவிடாதீர்கள். பக்கத்து வளையம் எக்பட் வகையாக, அதாவது கம்பிக்குள் வழுக்காமல் கீல் போல இணைந்ததாக இருந்தால் பிட் அலையாது. பிட்டின் மேல் பாரத்தைப் போட்டுச் சாயும் குதிரை என்றால் மட்டும் கம்பியின் துளைக்குள் தாராளமாகச் சுழலும் தளர்வளையம் வாங்குங்கள்.

பெல்ஹமை ஏன் மறுக்கிறேன் என்றால், அதன் நெம்புகோலும் தாடைச் சங்கிலியும் தரும் அழுத்தத்தில் குதிரை முதலில் நிற்கத்தான் செய்யும். பிறகு அதையும் பொறுத்துக்கொள்ளப் பழகும். இத்தனை காலம் ஓயாமல் இழுபட்ட வாய் மரத்துப்போகவில்லை. இழுப்புக்கு அர்த்தமில்லை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. நின்றாலும் இழுப்பார்கள், ஓடினாலும் இழுப்பார்கள் என்றால் அது எதற்கு நிற்க வேண்டும்?

அதனால் முதல் பாடம் தரையில்தான். பக்கத்தில் நின்று ஒரு லகானை இரண்டு விரலால் லேசாகப் பிடியுங்கள். இழுக்க வேண்டாம், காத்திருங்கள். தாடை துளி தளர்ந்தாலும், அந்த நொடியே விட்டுவிடுங்கள். குதிரைக்குப் புரிவது அந்த விடுதலைதான். நான் பழக்கிய சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று இறுக்கிக் கடித்தபடியே நிற்கும். திடீரென நாக்கைச் சப்புக்கொட்டி, பெருமூச்சு விட்டுக் கழுத்தைத் தாழ்த்தியது. அந்தச் சத்தத்துக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம்.

அப்புறம் நடையில், குரலோடு சேர்த்து நிறுத்தப் பழக்குங்கள். குரலுக்கே நிற்கும்வரை ஓட்டமும் வேண்டாம், குழந்தைகளும் ஏற வேண்டாம். வேலி போட்ட இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பிட்டைக் கழற்றும்போதெல்லாம் உதட்டோரத்தைப் பாருங்கள். சிவந்தோ தோல் உரிந்தோ இருந்தால் அது ஆறும்வரை வாயில் எதுவும் போடாதீர்கள்.