வைப்பு நிதியை உடைத்து மெத்தை விரிப்பு வாங்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் நான்கு அறைகளைச் சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விட இருக்கிறேன். அறைக்கு ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். ஓர் அறை ஆண்டுக்கு 120 இரவுகள் நிரம்பும் என்றும், வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இரவுகள் தங்குவார்கள் என்றும் எதிர்பார்க்கிறேன். ஓடு மாற்றியதிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் கையிருப்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. 600 இழை சாட்டின் விரிப்பு, இரண்டு தலையணை உறைகளுடன் செட் 4,500 ரூபாய் என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொரு கடையில் பாலியெஸ்டர் கலந்த செட் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விருந்தினருக்கு நல்லதையே விரிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக வங்கி வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே எடுக்கலாமா?
– காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி

பதில்: எடுக்க வேண்டாம், ஆச்சி. விருந்தினருக்கு நல்ல விரிப்பு வேண்டும் என்ற உங்கள் எண்ணம் முற்றிலும் சரி. ஆனால் விலை கூடிய விரிப்புதான் நல்ல விரிப்பு என்பது வீட்டுக்கே சரியாக இருப்பதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை சலவைக்குப் போகும் வாடகை அறைக்குச் சிறிதும் பொருந்தாது. இங்கே விரிப்பின் விலையை ஒரு சலவைக்கு எவ்வளவு என்று வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். நான்கு கட்டிலுக்கும் சேர்த்து 12 செட். நீங்கள் சொல்லும் கணக்குப்படி ஓர் அறையில் ஆண்டுக்கு 60 முறை விரிப்பு மாறும். நான்கு அறைகளிலும் 240 சலவை, அதாவது ஒரு செட்டுக்கு 20. கறைபட்டுக் கழிவதையும் சேர்த்து, சாட்டின் செட் 75 சலவை தாங்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு சலவைக்கு 60 ரூபாய் விழுகிறது. ஆண்டுக்கு 14,400 ரூபாய். கலப்புத் துணி 40 சலவைக்குள் உருண்டை உருண்டையாக நூல் திரண்டு, கழித்துவிடும் நிலைக்கு வரும் என்றால் சலவைக்கு 22 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 5,400 ரூபாய். இவை இரண்டுக்கும் நடுவே, 1,800 ரூபாய் அளவில், முழுப் பருத்தியில் பெர்கேல் நெசவு கொண்ட செட் ஒன்று இருக்கிறது. அது 100 சலவை தாங்கினால் சலவைக்கு 18 ரூபாய். ஆண்டுக்கு 4,320 ரூபாய்தான். தாங்கும் தடவைகள் என் அனுமானம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவற்றைச் சற்று முன்பின் மாற்றிப் போட்டாலும் சாட்டின் செட் மலிவாவதில்லை.

இதற்குக் காரணம் நெசவில் இருக்கிறது. பெர்கேல் என்பது ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று மாறி மாறிச் செல்லும் எளிய நெசவு. சாட்டினில் நூல் பெரும்பாலும் நான்கு இழைகளைத் தாண்டியே ஒருமுறை கீழே இறங்குவதால் துணி வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். வெளியே நீண்டு கிடக்கும் அதே இழைதான் வளையலிலும் கொலுசிலும் சிக்கிப் பிரியும். இழை எண்ணிக்கை என்பது ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்ந்த கூட்டுத்தொகை. முறுக்கிய ஒரே நூலின் புரிகளைத் தனித்தனியாக எண்ணி அட்டையில் பெரிய எண்ணாக அச்சிடும் வழக்கம் இருப்பதால், 600, 1,000 என்ற எண்களைக் கண்டு பணத்தை எடுக்காதீர்கள். ஒற்றைப் புரி நூலில் 200 முதல் 300 வரை இருந்தால் போதும். சித்திரை வெயிலில் செட்டிநாட்டுக்கு வருகிறவருக்குக் காற்றுப் புகும் மெல்லிய பருத்திதான் உறக்கம் தரும். பாலியெஸ்டர் கலந்தது வியர்வையை அவ்வளவாக உறிஞ்சாது. இரண்டு இரவு தங்க வேண்டிய ஒரு குடும்பம் வராமல் போனால் 5,000 ரூபாய் இழப்பு என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வாங்குமுன் ஒரே ஒரு விரிப்பை மட்டும் முழு விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்; பருத்தி என்றால் காகிதம் எரிகிற மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் என்றால் உருகி, ஆறியபின் கடினமான மணியாகத் திரளும். துணியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிருமானால், நீங்கள் கஞ்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பிறகு அங்குல நாடாவால் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஐந்து முறை துவைத்து, மறுபடியும் அளந்து பாருங்கள். பருத்தி 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவது இயல்புதான், ஆனால் அதைக் கணக்கில் வைத்தே அளவு சொல்ல வேண்டும். 72 அங்குல அகலமும் 8 அங்குலக் கனமும் கொண்ட மெத்தைக்கு 108 அங்குல விரிப்பு வாங்கினால், 4 விழுக்காடு சுருங்கிய பிறகும் இரு பக்கமும் எட்டு அங்குலத்துக்கு ஒட்டி மடித்துச் செருக இடம் இருக்கும். உங்கள் வீட்டில் பர்மாத் தேக்குக் கட்டில்கள் இருந்தால், கடைகளில் விற்கும் எலாஸ்டிக் விரிப்பு அவற்றின் அளவுக்குப் பொருந்துவது அரிது. அதிலும் இலவம்பஞ்சு மெத்தை என்றால் மூலை நழுவிக்கொண்டே இருக்கும். எலாஸ்டிக் இல்லாத விரிப்பே நல்லது.

நிறம் வெள்ளையாகவே, எல்லா அறைக்கும் ஒரே மாதிரியாகவே இருக்கட்டும். இதுவும் பணக் கணக்குதான்: பூப்போட்ட செட்டில் ஓர் உறை கெட்டால் செட் முழுவதும் குலையும், வெள்ளையில் ஓர் உறையை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளையில் கறை தெரியுமே என்று அஞ்ச வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை தலையணை உறையில் குழம்பு சிந்தியது. சோப்புப் பட்டவுடன் மஞ்சள் கறை செக்கச்சிவந்து, உறை பாழாயிற்று என்றே நினைத்தோம். அலசிவிட்டு உச்சி வெயிலில் போட்டோம், மாலைக்குள் கறை வெளுத்துவிட்டது. மஞ்சளின் சாயம் வெயிலுக்கு நிற்காது. உங்கள் வளவின் நடுமுற்றம் அந்த வேலையைச் செலவில்லாமல் செய்யும். எண்ணெய்க் கறைக்கு அந்த வசதி இல்லை என்பதால், அது மெத்தையில் இறங்காதபடி மெத்தைப் பாதுகாப்பு உறை கட்டிலுக்கு இரண்டு வீதம் எட்டு வாங்குங்கள். 900 ரூபாய் வீதம் 7,200 ரூபாய். உள்ளூர் அழகுக்காகக் கால்மாட்டில் ஒரு கண்டாங்கித் துணியை மடித்துப் போடலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியைப் பார்த்துப் பேசாத விருந்தினர் இருக்க மாட்டார். அதை மட்டும் தனியாகத் துவையுங்கள். போர்வைக்குச் சென்னிமலைக் கைத்தறி போதும்.

விரிப்புகளைத் திருச்சி வழியாகக் கரூருக்கு ஒருமுறை போய் வாங்கலாம். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடுத்த ஆண்டு அதே துணி கிடைக்காது என்பதால் அந்த மிச்சச் சரக்கை மட்டும் நான் பரிந்துரைக்கவில்லை.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான விரிப்புக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. உங்கள் எதிர்பார்ப்பு வரவு ஆண்டுக்கு 12 லட்சம். வேறு தொழில் வரவு இல்லையென்றால் 20 லட்சம் என்ற பதிவு வரம்புக்குள் இருப்பதால், விரிப்புக்குக் கட்டிய வரி திரும்பி வராது. வருமான வரிக்கு எந்த முறையில் கணக்குக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். எப்படியானாலும் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பங்காளிகளோடு வரவைப் பகிர்வதாக இருந்தால், இந்தச் செலவை முதல் நாளே பொதுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஆக, 12 செட்டுக்கு 21,600 ரூபாயும் மெத்தை உறைக்கு 7,200 ரூபாயும் சேர்த்து 28,800 ரூபாய். வைப்பு நிதியை முன்கூட்டியே எடுத்தால் வங்கிகள் பொதுவாக வட்டியைக் குறைத்துத் தருவதால், அதை அப்படியே விடுங்கள். இப்போது இரண்டு அறைகளுக்கு மட்டும் மிச்சக் கையிருப்பிலிருந்து 14,400 ரூபாய்க்கு வாங்கி, அவற்றின் வரவிலிருந்து மற்ற இரண்டு அறைகளுக்கு வாங்குங்கள். ஒவ்வொரு குடும்பமும் கிளம்பிய பிறகு 30 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 7,200 ரூபாய் சேரும். தேய்ந்த விரிப்பையும் உறையையும் மாற்ற அது போதும். விரிப்பின் மூலையில் வாங்கிய மாதத்தை அழியா மையால் எழுதி, சலவைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போட்டுவாருங்கள். செட்டுகள் தேய்ந்து கழியும்போது என் 100 என்ற அனுமானத்தை அடித்துவிட்டு, உங்கள் வீட்டு எண்ணை வைத்தே அடுத்த கொள்முதலைக் கணக்கிடலாம்.