தேவாலயச் சுவரில் போதகரின் குணங்களை ஏன் பொறிக்கிறார்கள்?

மறைந்த போதகரின் பெயரையும் பணிக்காலத்தையும் நற்குணங்களையும் பொறித்துத் தேவாலயத்தில் பதிக்கும் கல்லே நினைவுக்கல். கேரள எல்லையையொட்டிய கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய ஆலயங்களில் இதைக் காணலாம்.

பெயரும் பதவியும் போதாதா, குணம் எதற்கு? பதவி அடுத்தவருக்குப் போய்விடும். ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதோ அவரை அறிந்த தலைமுறையோடு மறைந்துவிடும். ‘ஏழைகளின் நண்பர்’ என்ற இரண்டே சொற்கள், அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளிடமும் அவரைக் கொண்டு சேர்க்கின்றன. வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படத்தைக் காட்டி, “வாசலுக்கு வந்த யாரையும் பசியோடு அனுப்பமாட்டார்” என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதேதான் இதுவும். வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரோடு பெருமையையும் எழுதிய மண்ணல்லவா இது! புகழ்ச்சி சற்று மிகையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தச் சபை எந்தக் குணங்களை உயர்வாக மதித்தது என்பதற்கு அந்தக் கல்லைவிட நல்ல சாட்சி கிடையாது.

கல் இருக்குமிடத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருக்கவேண்டியதில்லை: 1809-இல் இதே மாவட்டத்து மயிலாடியில் ஆலயம் எழுப்பிய மிஷனரி ரிங்கல்தௌபே 1816-இல், அவ்வூர் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூர் நாட்டைவிட்டுப் புறப்பட்டார், அவர் கல்லறை எங்கும் கண்டறியப்படவில்லை, ஆனால் மயிலாடி ஆலயம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.