பள்ளிப் பேருந்தை வீடாக மாற்ற வாங்கும்போது 'உள் உயரம்' என்றால் என்ன? எவ்வளவு வேண்டும்?

பேருந்தின் நடுவழியில், தரையிலிருந்து கூரையின் உட்புறம் வரை உள்ள இடைவெளிதான் உள் உயரம். அமெரிக்க மஞ்சள் பேருந்துகளில் இது பெரும்பாலும் 6 அடி முதல் ஆறரை அடி வரை இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்து போகத்தானே செய்தது! கூரையும் வில்போல வளைந்திருப்பதால், ஜன்னல் பக்கம் போகப் போக உயரம் குறையும். சமையல் மேடை, குளியலறை எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும்.

அப்புறம், வெப்பத் தடுப்பு: வெயிலும் குளிரும் உள்ளே வராமலிருக்கத் தரையிலும் கூரையிலும் போடும் அடுக்கு. வீட்டில் பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டி, மேலே ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் மின்விசிறி தலைக்கு நெருங்கிவிடும் இல்லையா? இங்கேயும் அதுதான். தரைக்கு ஒன்றரை, கூரைக்கு ஒன்றரை என்று 3 அங்குலம் போனால், 6 அடிப் பேருந்தில் மிச்சம் 5 அடி 9 அங்குலம். பழைய ரப்பர் விரிப்பையும் பிளைவுட்டையும் எடுத்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

என் கணக்கு இது: உங்கள் உயரத்தோடு 5 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். டேப்பை எடுத்துப்போய் நீங்களே அளந்து பாருங்கள். கூரையை வெட்டி உயர்த்தலாம்தான்; ஆனால் பேருந்து உருண்டால் காப்பாற்றுவது கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகளே, அனுபவமுள்ள வெல்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

வெளியே உயரமாகத் தெரியும் பேருந்து உள்ளேயும் உயரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் தரைதான் மேலே தூக்கியிருக்கும், உள்ளே அதே 6 அடிதான்.