60 கிரெய்ன் சப்சோனிக், 50 மீட்டரில் நீள்துளை: ஓசூர் நண்பருக்கு

உங்க .22 எல்ஆர் (சின்ன ரகத் தோட்டா) துப்பாக்கியில் 60 கிரெய்ன் சப்சோனிக் (ஒலியைவிட மெதுவா போகும் தோட்டா) சுட்டா 50 மீட்டரில் நீள்துளை விழுதுன்னு கேட்டிருந்தீங்க. 40 கிரெய்ன் (கிரெய்ன்னா குண்டின் எடை அலகு) குண்டுக்கு மாறுங்க. இதைச் சரிபண்ண ஸ்கோப்பையோ போல்ட்டையோ தொட வேண்டாம். அட்டையில் துளை நீளவாக்கில் விழுதுன்னா குண்டு தலைகுப்புறப் புரளுதுன்னு அர்த்தம். .22 எல்ஆர் பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று (இதைத்தான் முறுக்குன்னு சொல்றது). நீளமான 60 கிரெய்ன் குண்டை நிலைநிறுத்த அந்தச் சுழற்சி பத்தாது. 9 அங்குல முறுக்கு வேணும்.

சந்தேகமா? அளந்துடலாம். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலின்னு உறுதி செய்துட்டு, கைப்பிடி சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமான துணி மாட்டி உள்ளே தள்ளுங்க. ராடில் மார்க்கர் கோடு ஒன்று. கோடு ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் உள்ளே போச்சோ, அதுதான் முறுக்கு. துணி வழுக்கினா கணக்கு தப்பும்.

வாங்கும்போது நொடிக்கு 320-330 மீட்டர் வேகம் பாருங்க. குண்டு ஒலிவேகத்தைத் தாண்டினா 'பட்'டுன்னு ஒரு சத்தம் வரும். 345 போட்டிருந்தா தருமபுரி சித்திரை வெயிலில் அந்தச் சத்தமில்லாம போகும் (38 டிகிரியில் ஒலிவேகம் சுமார் 354). ஓசூர் மார்கழிக் காலையில் அந்தச் சத்தம் வரும். 15 டிகிரியில் ஒலிவேகம் 340தான்.

ஒன்று: புது தோட்டாவின் மெழுகு பேரலில் படிய பத்துப் பதினைந்து ரவுண்டாவது ஆகும். அதுக்குப் பிறகு ஜீரோ பண்ணுங்க (குண்டு விழும் இடத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்க). செமி-ஆட்டோன்னா (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) மெதுவான தோட்டாவில் போல்ட் முழுசா பின்வாங்காம சிக்கலாம்.