பெருந்துறைத் தம்பிக்கு: வீட்டு விலை பற்றி

தம்பி, டொரண்டோ வந்து ஐந்து மாதம் ஆகிறது, பெருந்துறை வீட்டை விற்கலாம் என்றிருக்கிறேன், என்ன விலை சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர் கோட்டு, கிரெடிட் ஸ்கோர். அந்த இரண்டும் ஒரு வருஷத்தில் தானாகப் பிடிபடும். விலையில் மட்டும் நான் பண்ணிய தப்பைப் பண்ணிவிடாதீர்கள்.

2003 ஜனவரியில் டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டுக்கு வந்து சேர்ந்தேன். மண்மட்டத்தில் ஒரே ஜன்னல், பாதி நாள் பனி மூடிக் கிடக்கும். அங்கே உட்கார்ந்து, இங்கே வீடு வாங்க எவ்வளவு முன்பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தொகையை ரூபாயாக்கி, கோபிசெட்டிபாளையத்தில் எங்கய்யன் கட்டிய வீட்டுக்கு விலையாகச் சொன்னேன்: 18 லட்சம். முதல் மாதமே ஒருவர் 12-க்குக் கேட்டார். "டாலர்ல சம்பாதிக்கறவனுக்கு என்ன அவசரம்?" என்று ஒறம்பரை, சொந்தக்காரர் எல்லாம் ஏற்றிவிட்டார்கள். நானும் இறங்கவில்லை. வீடு இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது.

அப்படிக் கிடக்கிற வீட்டைப் பார்க்க வருகிறவர் விலை கேட்க மாட்டார். "ஏனுங்க, பத்திரத்துல ஏதாச்சும் வில்லங்கமுங்களா?" என்றுதான் கேட்பார்.

உங்களுக்கு இங்கே எவ்வளவு பணம் தேவை என்பது வாங்குகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் செண்ட் என்ன விலை என்று பார்ப்பார், கட்டடத்துக்கு வயதைக் கழிப்பார், முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 ரூபாய் பத்திரச் செலவையும் சேர்த்துக்கொள்வார். நீங்கள் ஆசையாகப் போட்ட தேக்குக் கதவுக்குத் தனி விலை வராது.

பக்கத்து வீடு இவ்வளவுக்குப் போச்சாம் என்கிற பேச்சையும் நம்பாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். எது எவ்வளவுக்குக் கிரயம் ஆனது என்று அதில் வரும். வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கிற மதிப்பை, ஒட்டி எழுதிய தொகையை நிஜ விலை என்று எடுக்காதீர்கள். கிரயத்தை அடுத்து வங்கிப் பெயரில் ஒரு பதிவு இருந்தால் அது கடனில் வாங்கிய வீடு; அந்தத் தொகைதான் பெரும்பாலும் நிஜத்துக்குக் கிட்டே நிற்கும். அதற்கு மேல் பேரத்துக்கு நூற்றுக்கு ஐந்து வைத்தால் போதும். "நீங்க இவ்வளவு சொல்லுங்க, மேல வர்றது எனக்கு" என்கிற புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றால் தொடவே தொடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், இங்கே கொண்டுவரவும் வழியில்லை. இன்னொன்று, நீங்கள் கனடாவாசி ஆன நாளில் அந்த வீட்டுக்கு இருந்த மதிப்புதான் இந்நாட்டு வரிக்கு அடக்க விலை, அதற்கு மேல் வருவதைத்தான் லாபம் என்று பார்ப்பார்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். வெளிநாட்டுவாசி விற்றால் வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வரியும் அதிகம், அதற்குப் பயந்தே பலர் விலகுவார்கள். அந்தப் பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லி வருமான வரித்துறை தருகிற சான்றிதழுக்கு ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இங்கே நம்மவர் சிலர் இருபது வருஷமாக, இன்னும் ஏறும் என்று ஊர் வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். கதவு நிலையைக் கரையான் தின்கிறது. அவர்களைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். எனக்கு மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கப் பழகியதைவிட, எங்கய்யன் வீட்டுக்கு ஊர் விலையை ஒத்துக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது.

2005-இல் நேரில் போனேன். சுவரில் எழுதிய 'விற்பனைக்கு' வெயிலில் வெளுத்திருந்தது. முன்கூடமெல்லாம் வவ்வால் எச்சம். 12-க்குக் கேட்டவர் வேறு வீடு வாங்கிக் குடியே போய்விட்டார். கடைசியில் 10-க்குக் கொடுத்தேன். வாங்கிய அம்மா சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனார். எங்கம்மா வைத்த கருவேப்பிலை இரண்டு வருஷம் தண்ணீர் இல்லாமல் குச்சியாக நின்றது. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "உள்ள பச்சை இருக்குதுங்க" என்றார்.