பாதுகாப்பு வளாகத்தில் காண்ட்ராக்ட் வேலை: சரிபார்ப்புப் படிவத்தில் வருமான வரி கேஸை எழுத வேண்டுமா?

எழுதுங்கள். ஆனால் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள் என்று பார்த்து எழுதுங்கள். இடம் மாறினால் இல்லாத கிரிமினல் கேஸை நீங்களே தலையில் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அரக்கோணம் கடற்படைத் தளத்துக்குள் ஏசி பராமரிப்பு சப்-காண்ட்ராக்ட் கிடைக்கப்போகிறது, வருமான வரி டிமாண்டை (வரி பாக்கியைக் கட்டச் சொல்லித் துறை அனுப்புவது) எதிர்த்துப் போட்ட அப்பீல் இன்னும் முடியவில்லை, மெயின் காண்ட்ராக்டரின் மேனேஜர் “அதையெல்லாம் எழுதாதீங்க, ஃபைல் நின்னுடும்” என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாலாஜாக்காரன், எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் எடுப்பவன். மத்திய அரசு வளாகம் ஒன்றில் வேலை எடுத்தபோது இதே நிலையில் இருந்தேன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

என் கேஸ் இதுதான். ஒரு தோல் தொழிற்சாலைக்கு வயரிங் வேலை செய்து கொடுத்தேன். பில்லில் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்தார்கள். பிடித்ததை அரசுக்குக் கட்டவில்லை. என் பேரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை ஏறவே இல்லை. நான் கணக்குத் தாக்கல் செய்ததும் வரி பாக்கி, வட்டி என்று துறையிலிருந்து 143(1) பிரிவு அறிவிப்பு வந்தது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு, வரி பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு, வரி பிடிக்கப்பட்டவரிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்கிறது. இருந்தாலும் போர்ட்டலில் என் பேருக்கு நேராக டிமாண்ட் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆடிட்டர் வருமான வரிக் கமிஷனரிடம் படிவம் 35-இல் அப்பீல் போட்டார். டிமாண்டில் வழக்கமான 20 சதவீதத்தைக் கட்டி மீதிக்கு ஸ்டே வாங்கினோம்.

இப்போது படிவத்துக்கு வருவோம். இந்தக் காகிதங்களில் பொதுவாக இரண்டு வேறு கேள்விகள் இருக்கும், பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கைது, வழக்கு, தண்டனை பற்றியது. போலீஸ் சரிபார்ப்பு பார்ப்பது இதைத்தான். கமிஷனர் அப்பீலில் இருக்கும் வரி டிமாண்ட் கிரிமினல் வழக்கு ஆகாது. அந்தக் கேள்வி அதை மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்று எழுதலாம். ஆனால் வரி ஏய்ப்பு, கணக்குத் தாக்கல் செய்யாதது ஆகியவற்றுக்கான, 1961 சட்டத்தின் 276சி, 276சிசி மாதிரிப் பிரிவுகளில் துறை கோர்ட்டில் பிராசிக்யூஷன் போட்டிருந்தால் கதை வேறு. அது கிரிமினல் வழக்கேதான், அங்கே கட்டாயம் வர வேண்டும். உங்களுக்கு வந்தது டிமாண்ட் நோட்டீஸா, கோர்ட் சம்மனா என்று ஆடிட்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் சிக்கலான இடம். எம்.இ.எஸ். போன்ற ராணுவப் பொறியியல் டெண்டர்களில் ‘எந்த அரசுத் துறைக்கும் வசூல் நிலுவை இல்லை’ என்று அஃபிடவிட் கேட்பது வழக்கம். சப்-காண்ட்ராக்டரிடமும் அதே வாசகத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஸ்டேயில் இருக்கும் டிமாண்ட் நிலுவையா இல்லையா என்று வக்கீல்கள் இரண்டு பக்கமும் பேசலாம். போர்ட்டலைத் திறந்தால் தொகை தெரியும், அது போதும் சந்தேகம் கிளப்ப.

நான் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு நோட்டரியிடம் போனேன். டைப்பிஸ்ட் கம்ப்யூட்டரில் வாசகம் ரெடியாக வைத்திருந்தார், பேர் மட்டும் மாற்றினால் போதும். நான் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னதும் கையை எடுத்துவிட்டு, “இன்னா சார், இத்தப் போட்டா வேல குடுப்பானா?” என்றார். போடுங்கள் என்றேன். சேர்த்தது இவ்வளவுதான்:

“இன்ன மதிப்பீட்டு ஆண்டுக்கு வருமான வரித்துறை இன்ன தொகை கேட்டுள்ளது. பிடித்தம் செய்தவர் வரியைச் செலுத்தாததால் எழுந்த இந்த டிமாண்டை எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் உள்ளது, ஒப்புகை எண் இது. 20 சதவீதம் செலுத்தி, மீதித் தொகைக்கு ஸ்டே பெற்றுள்ளேன். இது தவிர எந்த அரசுத் துறைக்கும் நான் செலுத்த வேண்டிய தொகை இல்லை.”

தொழிற்சாலையைத் திட்டவில்லை, என் நியாயத்தை நீட்டி முழக்கவில்லை. அப்பீல் ஒப்புகை, 20 சதவீத சலான், ஸ்டே உத்தரவு மூன்றையும் பின் பண்ணிக் கொடுத்தேன். செக்யூரிட்டி பிரிவில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு “கோர்ட் கேஸ் எதுவும் இல்லையே?” என்று மட்டும் கேட்டார். வளாகத்துக்குள் போகும் பாஸ் வந்தது. உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், அது அந்தந்த அதிகாரி கையில்.

மேனேஜர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஃபைல் கொஞ்சம் தாமதம் ஆகலாம். ஆனால் மறைத்தது பின்னால் தெரிந்தால் பாஸ் பறிபோவது உங்களுக்கு, அவருக்கு இல்லை. மத்திய அரசுப் பணியில் சேருபவர் தன் பின்னணியை எழுதிக் கொடுக்கும் அட்டெஸ்டேஷன் படிவத்தில் முதல் எச்சரிக்கையே, தகவலை மறைப்பது தகுதியிழப்பு என்பதுதான். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் சொன்னது: குறிப்பாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்தார் என்று நடவடிக்கை எடுக்க முடியாது. அது அரசு வேலைக்கும் கிரிமினல் வழக்குக்கும் சொன்னது, காண்ட்ராக்டருக்கு நேராகப் பொருந்தாது. இருந்தாலும் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படிக்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

வரியை விட நம்ம ஊர்க்காரர்களை அதிகம் இழுத்தடிப்பது முகவரிதான். அரக்கோணம், ஆற்காடு, வாலாஜா எல்லாம் 2019 நவம்பரில் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆதாரில் இன்னமும் வேலூர் மாவட்டம் என்று இருந்தால் சரிபார்ப்பு எந்த எஸ்.பி. ஆபீஸுக்குப் போக வேண்டும் என்பதிலேயே குழப்பம் வரும். உங்கள் ஆட்களின் ஆதாரையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வேலை நடக்கும்போது அப்பீலில் உத்தரவு வந்தால் அதன் நகலை, சாதகமோ பாதகமோ, அதே பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.