தலையில் அடிபட்டதும் மூளையின் துணைச் செல்கள் என்ன செய்கின்றன? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இன்று மாலை கிளியா செல்களைப் பற்றிப் பேசலாம். நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் இவை மூளையில் காயம் பட்டதும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் விஷயம். தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இந்தச் செல்களை வளர்த்து ஆராய்வது என் வேலை. நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் இல்லை என்பதால் ஸ்கேன் படங்களை அனுப்ப வேண்டாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டியில் ஏறினால் ஹெல்மெட் போடுங்கள், தாடைக்குக் கீழே வாரையும் மாட்டுங்கள்.

பெரம்பூர் வாசகர்: நரம்புச் செல் ஒன்றுக்குக் கிளியா பத்து என்று படித்தேன். சரியா?

இல்லை. பல பாடப்புத்தகங்களில் இருந்த பழைய கணக்கு அது. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் மனித மூளையில் எண்ணிப் பார்த்தார்கள். நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி, மற்ற செல்கள் சுமார் 8,500 கோடி. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று.

அம்பத்தூர், பிளஸ் டூ மாணவன்: மேடம், அடிபட்டது இந்தச் செல்களுக்கு எப்படித் தெரிகிறது?

நல்ல கேள்வி, தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு நிறைய இருக்கிறது. செல்லுக்கு வெளியே அது மிகமிகக் குறைவு. ஒரு செல் கிழிந்தால் ஏடிபி வெளியே கொட்டுகிறது. இதுதான் முதல் செய்தி. பக்கத்தில் உள்ள மைக்ரோகிளியா (மூளையைக் காவல் காக்கும் கிளியா வகை) செல்களின் மேற்பரப்பில் அதை உணரும் ஏற்பிகள் உண்டு. பி2ஒய்12 என்பது அதில் முக்கியமானது.

2005இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள எலியின் மூளையில் இதை நேரடியாகப் பார்த்தன. லேசரால் மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கினார்கள். சுற்றியிருந்த மைக்ரோகிளியாவின் மெல்லிய கைகள் சில நிமிடங்களிலேயே அந்தப் புள்ளியை நோக்கி நீண்டு அதைச் சூழ்ந்துகொண்டன. செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருந்தது, கைகள் மட்டும்தான் போயின. காயமே இல்லாதபோதும் அந்தக் கைகள் சும்மா இருப்பதில்லை, நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்பு அவற்றை ‘ஓய்வில் இருக்கும் செல்கள்’ என்றே எழுதி வந்தார்கள்.

அடுத்தது குளூட்டமேட் (நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம்), பொட்டாசியம். கிழிந்த செல்களிலிருந்து இவையும் வெளியேறும். குளூட்டமேட் அதிகமானால் பக்கத்து நரம்புச் செல்லும் சாகும். ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற நட்சத்திர வடிவக் கிளியா செல்கள்தான் அதை உறிஞ்சி எடுக்கின்றன. ரத்தக்குழாய் உடைந்திருந்தால் ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் மூளைத் திசுவுக்குள் கசியும். மூளையில் இருக்கக் கூடாத பொருள் என்பதால் அதுவே இன்னொரு எச்சரிக்கை. அப்புறம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மைக்ரோகிளியா வெளியிடும் அழற்சிப் பொருள்கள் ஆஸ்ட்ரோசைட்டுகளை மாற்றுகின்றன. அவை ஜிஎஃப்ஏபி என்ற இழைப்புரதத்தை அதிகம் செய்து தடித்துப்போகின்றன. காயத்தின் ஓரத்தில் இருப்பவற்றில் சில பிரிந்து பெருகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தழும்பாகின்றன.

வேளச்சேரி வாசகி: எல்லாம் ரசாயனச் செய்திதானா? இழுபடுவதையும் அழுத்தத்தையும் செல் உணராதா?

உணரும். நான் அதிகம் கவனம் செலுத்தும் பகுதியே இதுதான்.

செல் சவ்வில் பீசோ1 என்ற ஒரு வாயில் உண்டு. சவ்வு இழுபட்டால் அது திறந்து கால்சியத்தை உள்ளே விடும். ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகம் 2010இல் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது மூளை உள்ளே முறுக்கப்படுகிறது. ரத்தம் சிந்தாவிட்டாலும் செல்கள் இழுபடுகின்றன. அந்த இழுவையே ஒரு செய்தி.

ஒரு செல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதும் செய்திதான். மூளை மிக மென்மையானது. நாங்கள் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு அதைவிடப் பல லட்சம் மடங்கு விறைப்பு. அந்தத் தட்டில் வளரும் ஆஸ்ட்ரோசைட்டைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் பலகை போலப் பரந்து, உள்ளே நார் நாராகத் தெரியும். அதே செல்லை மென்மையான ஜெல்லில் வளர்த்தால் நட்சத்திரம் போலக் கைகள் மெலிந்து கிளைக்கும். பிளாஸ்டிக்கின் மேல் இருப்பதற்கே பாதி காயம்பட்ட செல்லைப் போல அது நடந்துகொள்கிறது. அதனால் தட்டில் வேலை செய்த மருந்து என்று யாராவது சொன்னால், எதன்மேல் வளர்த்தீர்கள் என்று நான் கேட்பேன். தட்டில் பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறிவிட்டு மறுநாள் பார்த்தால், கோட்டின் இரு கரையிலும் உள்ள செல்கள் வெற்றிடத்துக்குள் கைகளை நீட்டியிருக்கும். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

கொளத்தூர் வாசகர்: ஹெல்மெட் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாதா?

முழுப் பாதுகாப்பு இல்லை. முறுக்கத்தை அது ஓரளவுதான் குறைக்கும். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயத்தை சுமார் 69 சதவீதமும், மரணத்தை சுமார் 42 சதவீதமும் ஹெல்மெட் குறைக்கிறது. வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போதே கழன்றுவிடும்.

தாம்பரம் வாசகி: கிளியா செல் வளர என்ன சாப்பிட வேண்டும்? வல்லாரை நல்லதா?

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். காயத்தை ஆற்றும் மருந்தாக நினைக்க வேண்டாம்.

திருவொற்றியூர் வாசகர்: தம்பி வண்டியிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகிறது. சிட்டிகோலின் மாத்திரை தொடரலாமா?

எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், அவர்தான் உங்கள் தம்பியைப் பார்த்தவர். பொதுவாக ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 1,213 பேரிடம் செய்து 2012இல் வெளியிட்ட சோதனையில், சிட்டிகோலினால் செயல்திறனிலோ நினைவாற்றலிலோ பலன் தெரியவில்லை.

குரோம்பேட்டை வாசகர்: மூளை பலத்துக்கு எந்த டானிக் நல்லது?

மேலே இரண்டு பதில் சொல்லிவிட்டேன். படியுங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: வீக்கம்தான் பிரச்சினை என்றால் ஸ்டீராய்டு போட்டு அடக்கிவிடலாமே?

உலகமே அப்படித்தான் நினைத்தது. பல ஆண்டுகள் கொடுத்தும் வந்தார்கள். பிறகு 10,008 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது, 2004இல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம். பெறாதவர்களில் 17.9 சதவீதம். மருந்தே அதிகம் பேரைக் கொன்றது. தலைக்காயத்துக்கு அதை வழக்கமாகக் கொடுப்பதை அதன்பின் நிறுத்தினார்கள். மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கம் வேறு விஷயம், அங்கே ஸ்டீராய்டு உதவும். யாருக்கோ கொடுத்தார்கள் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கிண்டி, ஆராய்ச்சி மாணவர்: மேடம், ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆஸ்ட்ரோசைட் தழும்பு நரம்பு மறுபடி வளர்வதைத் தடுக்கிறது. அதைக் கரைக்க வேண்டும் என்றுதானே பாடம்?

பாடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் எலியின் தண்டுவடத்தில் தழும்பு போடும் செல்களையே நீக்கிப் பார்த்தபோது அழற்சி பரவியது, இன்னும் அதிக நரம்புச் செல்கள் செத்தன, கால்கள் மேலும் செயலிழந்தன. எரியும் கட்டடத்தைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டுவதைப் போல அந்தத் தழும்பு காயத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்துகிறது.

அதே மாணவர்: 2002இல் எலிகளுக்குக் காண்ட்ராய்ட்டினேஸ் நொதி கொடுத்துத் தழும்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்ததும் நரம்பிழை வளர்ந்ததே. நடையும் தேறியதே, மேடம்?

ஆமாம், அதை யாரும் மறுக்கவில்லை. நொதி அறுத்தது செல்களை அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள பொருளை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த ஆய்வில் தழும்பு உருவாகாமல் தடுத்தார்கள், உருவானதை அகற்றியும் பார்த்தார்கள். இரண்டிலும் நரம்பிழை தானாக வளரவில்லை. தழும்பை அப்படியே விட்டுவிட்டு வளர்ச்சிக்கான தூண்டுதலைச் சேர்த்துக் கொடுத்தபோது, இழைகள் அதன் வழியாகவே வளர்ந்தன. தடுப்புப் பொருளை ஆஸ்ட்ரோசைட் மட்டும் செய்வதில்லை, மற்ற செல்களும் செய்கின்றன என்பதும் அதில் தெரிந்தது.

தேனாம்பேட்டை, பிசியோதெரபிஸ்ட்: அப்படியானால் தழும்பு நல்லது என்று சொல்லிவிடலாமா?

அப்படியும் சொல்ல வேண்டாம். முதல் வாரத்தில் காப்பாற்றும் செல் மாதங்கள் கழித்தும் அழற்சியை விடாமல் வைத்திருந்தால் கெடுதல் செய்கிறது. மைக்ரோகிளியாவின் செய்திகளால் நரம்புச் செல்லைக் கொல்லும் வகையாக ஆஸ்ட்ரோசைட் மாறுவதையும் 2017இல் காட்டியிருக்கிறார்கள். எந்தச் செல், காயத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனையாவது நாள், இந்த மூன்றையும் சொல்லாமல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடையாது. ஒட்டுமொத்தமாக அடக்கும் மருந்துகள் தோற்றதற்கு இதையே முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன்.

கிண்டி மாணவர்: தழும்பு விறைப்பாக இருப்பதால் இழை நுழைய முடியவில்லை என்பதாவது சரியா?

தோலில் தழும்பு விறைக்கும். மூளையில் நேர்மாறு. எலிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். தழும்பு சுற்றியுள்ள நல்ல திசுவைவிட மென்மையாக இருந்தது. அந்த மென்மையே நரம்பிழைக்குத் தவறான செய்தியாகிறதா என்பது இப்போது நடக்கும் விவாதம். உங்கள் ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, என்னிடம் வந்து பேசுங்கள்.

ஆவடி வாசகி: குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால் தூங்க விடக் கூடாதாமே?

தூக்கம் ஆபத்தில்லை. எழுப்பினால் எழாமல் இருப்பதுதான் ஆபத்து. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அதிகமாகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ நீர், ஒரு பக்கம் பலவீனம், கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு மயங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. இங்கே எழுதிக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பல்லாவரம் வாசகர்: டானிக் பற்றிய பதில்?

கொளத்தூர் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். வாரை மாட்டுங்கள்.

ராயபுரம் வாசகர்: விபத்தில் சிக்கியவருக்குப் பணம் கட்டினால்தான் சேர்ப்பார்களா?

இது என் துறை இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108இல் ஏற்றும்போதே திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.